செங்குத்துச் சரிவும் கேமராவும்: வாசகர் கேள்வி – பதில்

பனிக்கால மலையேற்றம் குறித்து வாசகர்களிடமிருந்து கேள்விகளைக் கேட்டிருந்தோம். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுள் ஐந்து இங்கே இடம்பெறுகின்றன. கடல் மட்டத்தில் வாழ்பவர்கள் எழுதியவை என்பதால், ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அங்கேயே செய்து பார்க்கக்கூடிய பயிற்சிகளையும் பதில்களில் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: திருமண நிகழ்ச்சிகளுக்குப் படமெடுப்பது என் தொழில். கொடைக்கானலில் மூச்சு வாங்க ஏறிய சரிவுகள்கூட நான் எடுத்த படங்களில் ஏறக்குறைய சமதரையாகத் தெரிகின்றன. வரும் மார்கழியில் நண்பர்களுடன் உத்தரகண்டிலுள்ள கேதார்காந்தா சிகரத்துக்குப் போகிறேன். சரிவின் செங்குத்தைப் படத்தில் கொண்டுவருவது எப்படி? பனியை நான் நேரில் கண்டதில்லை. (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: சரிவின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது நம் கண் அதை உள்ளதைவிட மிகுதியாக மதிப்பிடுகிறது. முப்பது டிகிரிச் சரிவை ஐம்பது என்று உறுதியாகச் சொல்பவர்கள் பலர். அதே இடத்திலிருந்து கேமராவை மேல்நோக்கித் திருப்பினாலோ, சரிவு முழுவதும் லென்ஸை விட்டு விலகிச் செல்லும் தளமாகி, அதன் நீளம் சுருங்கி, ஏற்றமே இல்லாத வெள்ளைப் பரப்பாகப் படத்தில் விழுகிறது. கண் கூட்டிச் சொல்கிறது, கேமரா குறைத்துச் சொல்கிறது. உண்மையான கோணம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்தக் கோணத்தை அறிந்துகொள்வது நல்ல படத்துக்கும் தேவை, உயிரோடு திரும்புவதற்கும் தேவை. இதை அடுத்த கேள்வியில் விரிவாகப் பார்ப்போம்.

படத்தைப் பொறுத்தவரை, முதலில் மாற்ற வேண்டியது நீங்கள் நிற்கும் இடத்தை. சரிவைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அதன் கோணம் வானத்தின் பின்னணியில் ஒரு தெளிவான கோடாக விழும். அங்கே யாரும் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் ஏறி, டெலிஃபோட்டோ லென்ஸால் எதிர்ச்சரிவை எடுப்பது இன்னொரு வழி. அப்போது சரிவு சுவர்போல எழுந்து நிற்கும், அதில் ஏறும் மனிதர்கள் எறும்பு வரிசையாகத் தெரிவார்கள். வைட் ஆங்கிள் லென்ஸ் அகன்ற காட்சியைத் தரும், ஆனால் தொலைவிலுள்ள மலையைச் சிறிதாக்கிவிடும். அருகில் ஏதேனும் வலுவான முன்புறப் பொருள் இருந்தாலொழிய அதை உறையிலேயே வைத்திருப்பது நல்லது.

அடுத்து, செங்குத்துக்கோடு ஒன்று சட்டத்துக்குள் வேண்டும். கேதார்காந்தா வழியின் கீழ்ப்பகுதியில் தேவதாரு, பைன் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. சரிவு எவ்வளவு சாய்ந்திருந்தாலும் மரம் வானை நோக்கி நேராகத்தான் நிற்கும். எனவே மரத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பார்ப்பவரின் கண் தானே அளந்துகொள்ளும். மரங்கள் முடிந்துபோகும் உயரத்துக்கு மேலே, கைத்தடியை ஊன்றி நிற்கும் மனிதர் அந்த வேலையைச் செய்வார். கேமராவைச் சற்றே சாய்த்துப் பிடித்து இருபது டிகிரிச் சரிவை நாற்பதாகக் காட்டுவதும் சமூக ஊடகங்களில் நடக்கிறது. அதை நான் பொய் என்றே கருதுகிறேன். அந்தப் படத்தை நம்பி ஒருவர் தம் திறனைத் தவறாக எடைபோட நேரலாம். கேமராவிலுள்ள மட்டக்கோட்டை இயக்கிவைத்து, அடிவானத்தை நேராக வைத்துப் பழகுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிச் சில சொற்கள். நண்பகலில் பனி ஒரே வெள்ளைத்தாளாகிவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் ஒளி பரப்பை உரசிக்கொண்டு செல்வதால், காலடித் தடங்களும் காற்று வரைந்த வரிகளும் நிழல் பெற்று, சரிவுக்கு உடல் கிடைக்கும். நிழல்கள் நீலமாக இருப்பதைக் குறையென்று எண்ணித் திருத்திவிடாதீர்கள். நிழலில் கிடக்கும் பனியின் மேல் விழுவது நீலவானத்தின் ஒளி, ஆகவே அது உண்மையான நிறமே. கேதார்காந்தா உச்சியிலிருந்து ஸ்வர்காரோஹிணி, 6,316 மீட்டர் உயரமுள்ள பந்தர்பூஞ்ச், 6,387 மீட்டர் உயரமுள்ள காலாநாக் ஆகியவை தெரியும். உண்மையான செங்குத்து முகங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. நீண்ட லென்ஸைச் சுமந்து செல்வதற்கு அவை போதிய காரணம்.

பனியில் எக்ஸ்போஷர் தவறுவதற்குக் காரணம் எளியது. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது, வெண்பனியையும் சாம்பலாக்கிவிடுகிறது. எனவே ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்). படத்தின் இருளையும் ஒளியையும் இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமின் வலதுபுறச் சுவரில் வரைபடம் மோதாமல் நெருங்கி நிற்க வேண்டும். பின்னர் திருத்த வசதியாக, கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுக்க வேண்டும். இதைப் பழக இமயம்வரை போக வேண்டியதில்லை. வாலிநோக்கம் உப்பளங்களில் குவித்துவைக்கப்படும் உப்பு அம்பாரங்கள் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. வெள்ளை நிறம், சாய்ந்த பக்கங்கள், கண்ணைக் கூசும் வெயில் என்று பனிக்கு வேண்டிய சிக்கல்கள் அத்தனையும் அங்கே உண்டு. அனுமதி பெற்று, காலை ஏழு மணிக்கும் நண்பகலுக்கும் ஒரே அம்பாரத்தை ஒரே இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். அம்பாரத்தின் சாய்வு உங்கள் படத்தில் தெரியத் தொடங்கிவிட்டால், மலைக்கான பாடத்தில் பாதி முடிந்தது.

இத்தாலிய மலைப் புகைப்படக் கலைஞர் விட்டோரியோ செல்லா 1899-இல் கஞ்சன்ஜங்காவைச் சுற்றிவந்தபோதும், 1909-இல் காரகோரம் மலைத்தொடரிலுள்ள கே2 சிகரத்துக்கான பயணத்தின்போதும் கனமான கேமராவுடன் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். பின்னாளில் வந்த மலையேறிகள் வழியைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தும் அளவுக்கு அவற்றில் சரிவுகள் நேர்மையாகப் பதிவாகியிருக்கின்றன.

ஒரு கண்டிப்பான விதியும் உண்டு. கண்ணைக் கேமராவில் வைத்தபடி ஓர் அடியும் எடுத்துவைக்கக் கூடாது. பின்னால் அறவே கூடாது. முதலில் இடத்தைப் பாருங்கள், கால்களை ஊன்றுங்கள், முதுகுப்பையை மலைப்பக்கம் வையுங்கள், அதன் பின்னர் கேமராவை எடுங்கள். நகர வேண்டுமானால் கேமராவை இறக்கிவிட்டு நகருங்கள். மண்டபத்தில் மணமக்களைச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பின்னோக்கி நடப்பது உங்கள் தொழிலில் ஊறிய பழக்கம். இப்போதிருந்தே அதை நிறுத்திப் பழகினால்தான் மலையில் அது தலைகாட்டாது.

கேள்வி: பனி மூடிய சரிவில் எது ஆபத்தானது, எது ஆபத்தில்லாதது என்பதைப் புதியவர் ஒருவர் எப்படி அறிவது? செங்குத்து மிகுந்ததுதான் ஆபத்து என்று கொள்ளலாமா? (மண்டபம், கல்லூரி மாணவர்)

பதில்: அப்படிக் கொள்வதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. பனித்திரள் பெயர்ந்து கீழே பாய்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் புறப்படுகின்றன. அதைவிட மிகவும் செங்குத்தான பாறைமுகத்தில் பனி தங்குவதே இல்லை. விழ விழச் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுகிறது. 25 டிகிரிக்குக் குறைந்த சரிவில் பனி பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். இடைப்பட்ட சரிவுகளில்தான் பனி தங்கவும் செய்கிறது, நழுவவும் செய்கிறது. மனிதர் ஏறிச்செல்ல விரும்புவதும், அழகாகப் படத்தில் விழுவதும் அந்தச் சரிவுகளே என்பதுதான் சிக்கல்.

உங்கள் ஊரிலிருந்து தனுஷ்கோடி போகும் வழியிலுள்ள மணல்மேடுகளைக் கவனித்திருப்பீர்கள். காற்று வரும் பக்கம் நீண்டு தாழ்ந்தும், காற்று மறையும் பக்கம் திடீரென இறங்கியும் இருக்கும். அந்த இறங்கும் பக்கம் ஏறத்தாழ 32 முதல் 34 டிகிரி வரை சாய்ந்திருக்கும். காய்ந்த மணல் அதற்குமேல் நிற்காது, ஒரு பிடி கூடினாலும் வழிந்துவிடும். முப்பது டிகிரிக்கு மேல் என்றால் எப்படியிருக்கும் என்பதைக் காலாலும் கண்ணாலும் உணர்ந்துகொள்ள இதைவிட நல்ல இடம் நம் கடற்கரையில் இல்லை. கைப்பேசியிலுள்ள சாய்வுமானியைத் தடியின் மேல் வைத்து, தடியைச் சரிவில் படுக்கவைத்தால் டிகிரி தெரியும். கைப்பேசி இல்லாவிட்டாலும் கணக்கு எளிது: கிடைமட்டத்தில் பத்தடிக்கு ஆறடி உயர்ந்தால் 31 டிகிரி, பத்தடிக்குப் பத்தடி உயர்ந்தால் 45 டிகிரி. முதலில் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லுங்கள், பிறகு அளந்து பாருங்கள். பல மேடுகளில் இதைச் செய்தால் உங்கள் கண் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்பது பிடிபடும். மேட்டில் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் மிதிக்காமல் வெற்று மணலில் மட்டும் நடங்கள். அந்த மணலைப் பிடித்துவைத்திருப்பவை அவைதாம்.

காற்றைப் படிக்கும் வழக்கம் கடற்கரைக்காரர்களுக்கு இயல்பாகவே உண்டு. வாடை அடிக்கும்போது எந்தக் கரையில் வள்ளத்தை ஒதுக்கலாம், கச்சான் அடிக்கும்போது எந்தப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். மலையிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இரண்டு நாளாகக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? முகட்டின் ஒரு பக்கத்தில் பனியை வாரியெடுக்கும் காற்று, மறைவான மறுபக்கத்தில் அதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. வானத்திலிருந்து ஒரு துளிப் பனி விழாத நாளிலும் அந்த மறைவுப் பக்கத்தில் கனம் ஏறிக்கொண்டே இருக்கும். முகட்டின் விளிம்பில் வெளிநோக்கிக் கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பனியும் காற்றின் வேலைதான். அதன் அடியில் பாறை இல்லை, வெற்றுவெளிதான் இருக்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு அது திடமான தரையாகத் தெரியும். பள்ளத்தாக்கைப் படமெடுக்க அதன் விளிம்புவரை போய் விழுந்தவர்கள் உண்டு. முகட்டில் நடக்கும்போது விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியே நடக்க வேண்டும்.

பனி ஒரே நாளில் விழுந்து கிடப்பதன்று. அடுக்கடுக்காக இருக்கும் அதில், அடியில் எங்கோ ஒட்டாமல் மணிமணியாகக் கிடக்கும் ஓர் அடுக்கின்மேல் கெட்டியான புதிய அடுக்கு உட்கார்ந்திருந்தால், ஒரு மனிதரின் எடையே அதை உடைக்கப் போதும். உயிர்ப்பலி நேர்ந்த பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் தூண்டியவர் சிக்கியவரோ அவருடைய குழுவினரோதான். கடும் பனிப்பொழிவுக்கும் பலத்த காற்றுக்கும் பிந்திய முதல் 24 மணி நேரம், திடீரென வெயில் ஏறும் நேரம், காலடியில் ‘தொம்’ என்று உள்வாங்கும் ஒலி, பாதத்திலிருந்து ஓடும் விரிசல், அருகிலேயே புதிதாக விழுந்துகிடக்கும் பனிச்சரிவுக் குவியல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் முப்பது டிகிரிக்கு மேற்பட்ட சரிவை அன்று விட்டுவிட வேண்டும். நீங்கள் நிற்கும் இடம் சமமாக இருந்தாலும் தலைக்குமேல் அத்தகைய சரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழும் பனி அடிவாரச் சமதளம்வரை ஓடிவரும். மரங்களில் ஒரு பக்கக் கிளைகள் மட்டும் முறிந்திருந்தால், அது முன்பு பனி ஓடிய பாதை.

புதையுண்டவரை முதல் கால்மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் அது விரைவாகச் சரிகிறது. வெளியிலிருந்து உதவி வந்துசேர அந்த நேரம் போதாது, கூட வந்தவர்கள்தாம் தோண்டியெடுக்க வேண்டும். இதனால்தான் பனிச்சரிவு அபாயமுள்ள வழியில் போகும் ஒவ்வொருவரிடமும் புதையுண்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் துழாவும் நீண்ட கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒருவரிடம் மட்டும் இருந்தால் பயனில்லை. பழக்கமில்லாமல் இருந்தாலும் பயனில்லை.

கேதார்காந்தா இருக்கும் அதே உத்தரகாசி மாவட்டத்தில்தான் 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டாண்டா மலையில், நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழுவைப் பனிச்சரிவு தாக்கி 25-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பயிற்றுநர்கள் உடனிருந்த குழு அது. உங்களை அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உள்ளூர் வழிகாட்டி ‘இன்று உச்சி வேண்டாம்’ என்று சொல்லும்போது, கொடுத்த பணத்தையும் எடுத்த விடுப்பையும் காரணம் காட்டி அவரை வற்புறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே சொல்கிறேன். அத்தகைய நாளில் படமெடுப்பவருக்கு இழப்பொன்றும் இல்லை. இருபது டிகிரிச் சாய்வுள்ள மேட்டில் பாதுகாப்பாக நின்று, எதிரேயுள்ள நாற்பது டிகிரிச் சரிவை எடுக்கலாம். முதல் பதிலில் சொன்னபடி, செங்குத்து நன்றாகத் தெரிவதும் அங்கிருந்துதான்.

கேள்வி: என் மகன் நண்பர்களோடு பனிமலைக்குப் போவதாகச் சொல்கிறான். கடலை ஒட்டியே வாழ்ந்த எங்கள் உடம்புக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா? நன்றாகப் பந்து விளையாடும் பிள்ளை, ஆகவே பயமில்லை என்கிறான். (கீழக்கரை, ஒரு தாய்)

பதில்: கடலோரத்தில் பிறந்தது குறையன்று அம்மா. சென்னையை அடுத்த கோவளம் மீனவக் குப்பத்தைச் சேர்ந்த அலைச்சறுக்கு வீரர் ராஜசேகர் பச்சையும், விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வியும் 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். ஆனால் பந்து விளையாடும் உடல்வலு, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோயைத் தடுக்கும் என்று உங்கள் மகன் நினைப்பது சரியன்று. வலுவுள்ளவர் வேகமாக ஏறுகிறார், அந்த வேகமே அவரைப் படுக்கவைக்கிறது.

கேதார்காந்தா சுமார் 3,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் உங்கள் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை தோன்றலாம். 3,000 மீட்டரைத் தாண்டியபின், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் படுக்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பொது விதி. ஏறத் தொடங்கும் சாங்க்ரி ஊரே 1,900 மீட்டருக்கு மேல் இருப்பதால், நெடும் பயணம் செய்து வந்த பிள்ளைகள் அங்கே கூடுதலாக ஓர் இரவு தங்கினால் மிகவும் நல்லது. தலைவலி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. தள்ளாடி நடந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் கீழே இறக்க வேண்டும். இறங்குவதே முதல் மருந்து. மலைநோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை நண்பர்கள் சொன்னார்கள் என்று விழுங்காமல், மருத்துவரைக் கேட்டே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குளிருக்குப் பருத்தி பனியன் வேண்டாம்; வியர்வையில் நனைந்தால் உலராமல் உடம்பின் சூட்டை இழுத்துவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் கதகதப்பான மேலாடை, அதற்கும் மேல் காற்றுப் புகாத சட்டை என்று அடுக்கிக்கொள்ளட்டும். கறுப்புக் கண்ணாடியை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத்தான் திருப்பியடிக்கிறது. புதுப்பனி 80 விழுக்காடு வரை திருப்பியடிக்கும். கண்ணாடியில்லாமல் ஒரு பகல் நடந்தால் அன்றிரவே கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிந்து, பார்வை மங்கும்.

கேள்வி: என்னிடம் கைப்பேசி கேமரா மட்டுமே இருக்கிறது. அது போதுமா? குளிரில் அணைந்துவிடும் என்கிறார்களே? (பாம்பன் வாசகர்)

பதில்: போதும். லித்தியம் பேட்டரி கடுங்குளிரில் தன் சேமிப்பை வெளிவிடத் திணறுகிறது. பாதி இருக்கும்போதே கருவி அணைந்துவிடும். உடம்பை ஒட்டிய உட்பையில் வைத்திருந்து, எடுக்கும்போது மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். அணைந்த பேட்டரியும் சூடேறினால் பெரும்பாலும் மீண்டும் உயிர்பெறும். தொடுதிரையில் இயங்கும் மெல்லிய உட்கையுறை ஒன்று அணிந்தால் விரல்கள் மரத்துப்போகாமல் திரையைத் தொடலாம்.

குளிரிலிருந்து கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ போகும்முன், கருவியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். உள்ளேயுள்ள ஈரம் பையின்மேல் படியும், லென்ஸின்மேல் படியாது. ஏசி அறையிலிருந்து பாம்பன் வெயிலுக்குள் வரும்போது லென்ஸ் வேர்ப்பதும் இதே காரணத்தால்தான். ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன்: கடலோரத்தில் பயன்படுத்திய கருவிகளின் இணைப்பு முனைகளில் உப்பு படிந்திருக்கும், கிளம்பும்முன் அவற்றைத் துடைத்துச் சரிபாருங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். இமயம்வரை போகும் எண்ணம் இல்லை. நம் மாநிலத்திலேயே செங்குத்து ஏற்றத்தையும் குளிர்காலக் காட்சிகளையும் காண வழி உண்டா? (தொண்டி வாசகர்)

பதில்: நிரம்ப உண்டு, ஐயா. உங்களுக்குப் பக்கத்திலுள்ள சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் தொடங்குங்கள். முழங்கால் ஒத்துழைத்தால் திண்டுக்கல் கோட்டைப் பாறை, அதன்பின் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை. பர்வதமலையின் மேற்பகுதியில் இரும்புக் கம்பியைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் இருக்கின்றன; அங்கே கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலிலும் உதகையிலும் விடியற்காலையில் புல்வெளிகளில் உறைபனி படியும். சூரியன் ஏறிய சிறிது நேரத்திலேயே அது கரைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே போய்க் காத்திருக்க வேண்டும். தாழ்ந்த ஒளியைப் பற்றி முதல் பதிலில் சொன்னது அங்கும் பொருந்தும்.

காட்டுவழிகளுக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் விதிகள் கடுமையாயின. 2024-இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் அரசு 40 வழித்தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தி, இணையவழி முன்பதிவும் உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டிகளும் சேர்ந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. கோடை நெருங்கும்போது தீ அபாயத்தால் வழிகள் மூடப்படுவதுண்டு. ஆகவே தை மாதத்துக்குள் போய்வருவதுபோல் திட்டமிடுங்கள். முன்பதிவு செய்யும்முன் இதய மருத்துவர் ஒருவரிடம் உடலைச் சோதித்துக்கொண்டு, எளிது என்று குறிக்கப்பட்ட வழி ஒன்றை முதலில் தேர்ந்தெடுங்கள்.